சுலோசனா ஆன்ட்டி ஏறிய மேடுகள்

விழாவுக்குத் தயிர்சாதம் யார் கொண்டுவருவது என்று நியூஜெர்சியில் எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழர் வாட்ஸ்அப் குழு காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்த காலையில் பத்மநாபன் அங்கிளின் செய்தி வந்தது. இத்தாலியில் பெரூஜா என்ற மலைநகரில் அவர் மனைவி சுலோசனா ஆன்ட்டி உறக்கத்திலேயே காலமானார். குழு மௌனமானது. அதை வேறு யாராலும் சாதிக்க முடிந்ததில்லை.

ஆன்ட்டி மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவர் ஓய்வு பெற்றதும் மகள் அனு, வெஸ்ட் வின்ட்சரில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் பெற்றோருக்கு ஓர் அறை கட்டினார். ஒரு படிகூடக் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு கராஜ். நாங்கள் எல்லோரும் பாராட்டினோம்.

ஆன்ட்டி போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "ரொம்ப வசதியா இருக்கு. உள்ள போனா வெளிய வரவே தோணாது. அதான் பயமா இருக்கு."

தங்கள் வீட்டை விற்று, ஆளுக்கொரு பெட்டியுடன் இருவரும் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். முதலில் லிஸ்பன். ரயிலடிக்குப் பக்கத்தில் என்று வரைபடத்தைப் பார்த்து அங்கிள் வீடு பிடித்தார். பக்கம்தான், உயரத்தை வரைபடம் சொல்லவில்லை. ஐசலின் இந்தியக் கடைத்தெருவில் கடை வாசலிலேயே பார்க்கிங் கிடைக்கும்வரை வட்டமடிக்கும் இனத்தைச் சேர்ந்த அங்கிள், அண்ணாந்து பார்த்து உறைந்துபோனார்.

"கேன்சல் பண்ணிடலாமா, சுலோ?"

"பெட்டிய நீங்க தூக்குங்க. கால நான் தூக்கிக்கிறேன்."

பிறகு மேடான ஊர்களையே தேடிப் போனார்கள். எடின்பரோ, சியெனா, போர்ட்டோ. உச்சிக்குப் போனதும், கீழே தெரியும் கூரைகளை ஆன்ட்டி வீடியோ எடுத்து அனுப்புவார். மூச்சிரைப்பு மட்டும் கேட்கும். "இந்த வயசுல இது தேவையா?" என்று நாங்கள் சோபாவிலிருந்து அக்கறையோடு பதில் எழுதுவோம்.

சென்ற ஆண்டு அனு, பெற்றோரைக் கையோடு அழைத்துவர, திரும்புவதற்கு மூன்று டிக்கெட்டுகளுடன் போர்ட்டோவுக்குப் போனார். ஆற்றங்கரையிலிருந்து ஏறும்போது பாதி வழியில், யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, ஸ்டாப்! ஐ கான்ட்! ஒரு டாக்ஸி கூப்பிடு!"

"இந்தச் சந்துல காரு வராதுடி கண்ணு. மெதுவா வா. நான் போய் ரசம் வைக்கிறேன்."

சாப்பிடும்போது அனு கேட்டார்: "கீழ விழுந்துட்டா வாட் வில் யூ டூ, அம்மா?"

"உன் வீட்டுல இருந்தா விழ மாட்டேன், ஒத்துக்கிறேன். அதுக்காக உக்காந்தே இருக்கணுமா?"

அனு மீதி இரண்டு டிக்கெட்டுகளை ரத்து செய்தார். தனியாகத் திரும்பிவந்தார். இதை அனுவே என்னிடம் சொன்னார், கொஞ்சம் பெருமையாக. பெற்றோருக்குக் கட்டிய கீழறைக்கு ஒரு பிங்பாங் மேசை வந்தது.

ஆன்ட்டி கடைசிவரை விழவில்லை. இறப்பதற்கு முந்தைய மாலைகூட பெரூஜாவின் பழைய கோட்டைச் சுவர்வரை ஏறி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு இறங்கியிருக்கிறார்.

தகனத்துக்கு அனு பறந்து போனார். குழுவில் யாரோ கேட்டார்கள்: "அங்கிள், எப்ப ஜெர்சிக்கு வர்றீங்க?"

அங்கிள் எழுதினார்: "அடுத்த மாசம் கிரனாடா. சுலோ முன்னாடியே புக் பண்ணி வச்சிருக்கா. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது."

அடுத்த வரி அனுவுடையது: "ஐ ஆம் கோயிங் வித் ஹிம்."

கூடவே ஒரு படம். பெரூஜா மேட்டின் உச்சியில் அப்பாவும் மகளும், வியர்த்து, அழுது சிவந்த கண்களோடு சிரிக்கிறார்கள்.

போய் வாருங்கள், ஆன்ட்டி. உங்களை வழியனுப்ப இங்கே நாங்கள் சோபாவை விட்டு எழுந்து நிற்கிறோம். எங்களுக்கு எட்டிய உயரம் அவ்வளவுதான்.