கறண்ட் குடிக்கிறவள்

பொழுதுபட மின்சார எஞ்சின் உறுமத் தொடங்கினால் நெடுந்தீவின் பெரிய தெருவில் மின்குமிழ்கள் எரியும். கடற்கரைப் பக்கம் பேருக்கும் ஒரு கம்பம் கிடையாது. அந்தப் பக்கத்துக்குக் கறண்ட் தலையிலும் சைக்கிளிலுமாகத்தான் போனது. போனதும் தெருவின் கடைசிக் கம்பத்தடியில் இருந்த மேரிஜோசப்பினின் கொட்டிலிலிருந்துதான்.

டோச் பெற்றறிக்குத் தட்டுப்பாடு வந்த எழுபத்துநாலாம் ஆண்டு. கடற்கரைச் சனம் பழைய கார்ப் பெற்றறிகளை வாங்கி அவற்றில் றேடியோ கேட்டது. அவற்றுக்குச் சார்ச் ஏற்றுவது அவள் தொழில். கட்டியவன் மன்னாரில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன சொத்து சார்ச்சர் மட்டும். அசிற் தெறித்து அவளுடைய சீலையெல்லாம் பொத்தல். தீவின் கிணற்றுத் தண்ணீர் உவர், பெற்றறிக்குள் ஊற்ற ஆகாது. ஆகவே மாரியில் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி மழைநீர் பிடிப்பாள். பிடித்ததை இரண்டு சாடிகளில் ஊற்றி, கழுத்தளவு மண்ணில் புதைத்து, மூடி வைத்திருப்பாள்.

அந்த வருடம் பெரிய தெருவின் குமிழ்கள் சிவந்து மங்கின. மின்சாரச் சங்கத் தலைவர் சரவணமுத்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க அதே கறண்டில் ஓடும் புது மோட்டர் பூட்டியிருந்தார். அதை யாரும் பேசவில்லை. கூட்டம் கூடியது.

"பெற்றறியள் கறண்டை உறிஞ்சுது," என்றார் சரவணமுத்து. "அவவின்ரை கம்பியை வெட்டினால் மிஞ்சிறதிலை கடற்கரைக்கு நாலு கம்பம் நடலாம். சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

பின்வரிசை வாங்கில் இருந்த மேரிஜோசப்பினுக்கு நம்பிக்கை இருந்தது. கடற்கரையார் எல்லாருடைய பெற்றறியும் அவளுடைய மேசையில் அல்லவா இருந்தன. முதற்கை அவளுடைய தமக்கை புருஷன் மரியநாயகத்தினது. பிறகு கை கையாக எழும்பியது. தமக்கை மாக்கிறேற் அவள் பக்கம் திரும்பாமலே தூக்கினாள்.

"பிள்ளையளுக்குப் படிக்க வெளிச்சம் வேணுமடி. கோவியாதை."

மறுநாள் எஞ்சின் தொடங்கிய கையோடு மரியநாயகம் கொட்டிலுக்கு வந்தான்.

"மச்சாள், என்ரை பாதிதானே ஏறியிருக்கு. இண்டைக்கு மட்டும் போட்டுவிடுமன். பிறகு வெட்டட்டும்."

அவள் கம்பிகளை அவனுடைய பெற்றறியில் கவ்வவிட்டாள். சார்ச்சரின் முள் ஏறியது. சங்கத்து ஏரம்பு கம்பத்தில் ஏறி வெட்டினான். முள் விழுந்தது.

"ஒரு நாள் பொறுக்கேலாதோ, ஏரம்பண்ணை?" என்றான் மரியநாயகம்.

"முதற்கை தூக்கினது நீர்தானே," என்றான் ஏரம்பு மேலேயிருந்து.

அன்று இரவும் குமிழ்கள் சிவப்பாய்த்தான் எரிந்தன. தலைவரின் தோட்டத்தில் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடியது. விடிந்ததும் மேரிஜோசப்பினின் முற்றத்துக்கு மண்வெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள்.

"கள்ளக் கம்பி நிலத்துக்குள்ளை தாட்டு வச்சிருக்கிறாவாம்," என்றார் கூடவே வந்த சரவணமுத்து.

"அந்த மூலையிலை கிண்டாதையுங்கோ. தண்ணிச் சாடி இருக்கு."

"சாடியோ கம்பியோ எண்டு பாப்பம்," என்றான் மரியநாயகம். அவன் கையிலும் ஒரு மண்வெட்டி.

மூன்றாம் கொத்தில் சாடி உடைந்தது. தண்ணீர் முழுவதையும் மணல் குடித்தது. உடைந்த சாடி ஓட்டில் தேங்கியதை அவன் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தான்.

"நல்ல தண்ணி. சனம் உப்புத்தண்ணி குடிக்கேக்கை ஒளிச்சு வச்சிருக்கிறா."

மற்றச் சாடியை அவர்கள் உடைக்கவில்லை. சுற்றிவரக் கிண்டி, பதமாய்த் தூக்கி வண்டிலில் ஏற்றினார்கள். கம்பி எதுவும் அகப்படவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவுமில்லை. மேரிஜோசப்பின் வேலிக் கதியாலைப் பிடித்தபடி வண்டில் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றாள்.

கடற்கரைக்குக் கம்பம் வரவில்லை. அடுத்த மாதம் சரவணமுத்துவின் விறாந்தையில் புதுச் சார்ச்சர் ஒன்று பூட்டப்பட்டது. பக்கத்தில் அந்தச் சாடி. கடற்கரையார் பெற்றறிகளோடு வரிசையில் நின்றார்கள். அங்கும் முதலில் ஏறியது மரியநாயகத்தின் பெற்றறிதான்.