முப்பத்தேழு டிகிரி சிவசங்கரி

கஞ்சிக்கோட்டில் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் சிவசங்கரிக்கு வேலை, வளைந்த குழாய்களைக் கண்டுபிடிப்பது. மட்டம் பார்த்துப் போட்ட மேசைமேல் குழாயை உருட்டி, இரண்டுக்கும் நடுவே தெரியும் சந்தில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பாள். மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வரை வளைவு இருக்கலாம். அந்தச் சலுகைக்குப் பெயர் டாலரன்ஸ். அதைத் தாண்டிய குழாய்க்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. இந்த வேலையைச் செய்கிறவளின் முதுகெலும்பே முப்பத்தேழு டிகிரி வளைந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. மூன்று வருடத்தில் பதினாறு பேர் அதைக் கண்டுபிடித்து அவளிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அது தனக்குத்தான் முதலில் தோன்றியது என்ற நம்பிக்கை. அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்துவைத்தாள். காண்ட்ராக்டில் இருப்பவள் வேறென்ன செய்ய முடியும்?

வளைவு தெரியவந்தது பதின்மூன்றாம் வயதில். பள்ளிச் சீருடையின் துப்பட்டா இடது தோளில் நிற்கவே மாட்டேன் என்றது. அம்மா மயிலாத்தாள் முதலில் ஊக்கை மாற்றினாள், பிறகு தையல்காரரை மாற்றினாள், கடைசியாகத்தான் மகளைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தாள். வலது தோள் ஏறிக் கிடந்தது, இடது தோள் இறங்கிக் கிடந்தது. கோயம்புத்தூர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர், இவளுக்கு ஏன் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். வளர்ச்சி நிற்கும்வரை மாட்டச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் கவசம் செய்து கொடுத்தார். கொழிஞ்சாம்பாறைச் சித்திரை வெயிலில் அதைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு அலைந்தவளுக்கு, நரகத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் கொஞ்சம் குறைத்துச் சொன்னதாகவே பட்டது. பதினாலு வயதில் ஒரு நாள், சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினால்தான் சாப்பிடுவேன் என்று அழுதாள். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் முகம் மட்டும் தெரியும் ஒரு கண்ணாடிதான்.

பதினேழில் வளர்ச்சி நின்றது, கவசமும் போனது. அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். வளைவு இன்னும் பெரிதாக இருந்தாலோ, நகர்ந்துகொண்டே போனாலோதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்; இப்போதைக்குத் தினமும் பயிற்சி, சில வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ சொந்தக்காரர்களுக்குச் சம்மதமில்லை. மருந்தே கிடையாது என்று சொல்லியிருந்தால் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இத்தனை பெரிய வளைவை வைத்துக்கொண்டு ஒரு பெண் சும்மா மூச்சு இழுத்து விடுவதை அவர்களால் தாங்க முடியவில்லை. அத்தை எண்ணெய் சொன்னாள். சித்தப்பா, முதுகில் ஏறி மிதித்து நிமிர்த்தும் ஒருவரைச் சொன்னார். அவரிடம் போய்வந்த ஆள் இப்போது எப்படி நடக்கிறார் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டார். ராஜசேகர் மாமா மட்டும் நவீனமானவர். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, முதுகில் இரண்டு கம்பி வைத்தால் தீர்ந்தது என்றார். வைக்கப்போவது அவர் முதுகில் இல்லை என்பதால் தைரியமாகவே சொன்னார்.

சிவசங்கரி யாரோடும் வாதாடவில்லை. தினமும் விடிகாலையில் எழுந்து, சுருட்டிய துண்டை விலாவுக்கு அடியில் கொடுத்துப் படுத்து, ஒடுங்கிய இடப்பக்கத்துக்குள் மூச்சை இழுத்து நிறைப்பாள். பிறகு சன்னல் கம்பியைப் பிடித்து உடம்பை நீட்டி நிற்பாள். முக்கால் மணி நேரம், ஏழு வருடம். இதனால் வளைவு நிமிரவில்லை. நிமிரும் என்று, பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி அம்மா சொல்லவும் இல்லை. செய்த நாளில் சாயங்காலம் வலி பொறுக்கும்படி இருந்தது, செய்யாத நாளில் வலது தோள்பட்டைக்குக் கீழே முள் ஏறியதுபோல் இருந்தது. செய்தாள்.

காண்ட்ராக்டில் இருந்த மூன்று வருடமும் அவள் முதுகைப் பற்றிக் கம்பெனி ஒரு கேள்வி கேட்டதில்லை. எட்டு மணி நேரம் நின்றாள். சோதனைக்காகக் குழாயில் வெட்டிய மாதிரித் துண்டுகளை இருபது கிலோ தட்டோடு தூக்கினாள். பிரிவுத் தலைவர் பூபதிராஜா தள்ளி நின்று, தட்டு நேராக வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். இந்த வருடம் நிரந்தரம் செய்யும் பட்டியலில் நாலு பேர் வந்தார்கள், அவள் மூன்றாவது. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நாளைக்கு வரலாமா என்று கேட்டு நிற்க வேண்டாம். அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு ஆசையாக அவள் கேட்டதில்லை. நடுவில் இருந்தது உடல் தகுதிப் பரிசோதனை ஒன்றுதான். மூன்று வருடம் நேராக இருந்த முதுகு, நிரந்தரம் என்றதும் கம்பெனியின் கண்ணுக்குக் கோணலாகிவிடுமோ என்று அவள் பயந்தாள்.

வீட்டில் எல்லோருமாகப் பேசி, மறைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். யோசனை ராஜசேகர் மாமாவுடையது. இறங்கிய தோளில் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டால் டாக்டருக்கு என்ன தெரியப்போகிறது என்றார். மயிலாத்தாள் பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்து, ராத்திரியே சுடிதாரின் தோளுக்குள் வைத்துத் தைத்தாள். தைக்கிற வசதிக்காக உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தாள். திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும் என்பதை மட்டும் மறந்துபோனாள். காலையில் அவசரமாகப் போட்டுக்கொண்ட சிவசங்கரிக்கு, முகம் தெரியும் கண்ணாடியில் முகம்தான் தெரிந்தது. தோளில் என்னவோ உறுத்தியது. தன் தோள்கள் சொல்வதை அவள் நம்புவதில்லை என்பதால் அப்படியே இரண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கம்பெனி டாக்டர் ஜிபி ஒரு பெண்மணி. கதவைத் திறந்து வந்தவளை நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏற்கெனவே ஏறியிருந்த வலது தோள் பஞ்சோடு சேர்ந்து காதை எட்டிக்கொண்டிருந்தது. குனியச் சொன்னார். குனிந்ததில் தையல் விட்டு, பஞ்சு உருண்டை கழுத்து வழியாக வந்து மேசைமேல் விழுந்தது.

“இது எந்தா மோளே?” என்று மலையாளத்தில் கேட்டார் டாக்டர்.

சிவசங்கரிக்கு அவமானத்தில் காது எரிந்தது. இருபத்துநாலு வயதில், தலையணைப் பஞ்சுக்கு விளக்கம் சொல்லும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும், பையில் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவந்த எக்ஸ்ரே உறையை எடுத்து வைத்தாள். டாக்டர் ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலியைப் பற்றிக் கேட்டார், பயிற்சியைப் பற்றிக் கேட்டார். தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் வேலைக்கு ஏற்றவள்தான் என்று பிரிவுத் தலைவரும் சொல்ல வேண்டும் என்று பூபதிராஜாவைக் கூப்பிட்டனுப்பினார்.

பூபதிராஜா நல்ல மனிதர். அதாவது, கெட்டதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொல்வார். நிரந்தரம் என்றால் முப்பது வருடக் கணக்கு, இந்த முதுகு அதுவரை தாங்குமா என்பது அவர் சந்தேகம். அதற்காகப் பெண்ணை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இப்போது போலவே காண்ட்ராக்டில் இருந்து, இப்போது போலவே இருபது கிலோ தட்டைத் தூக்கிக்கொண்டிருக்கட்டும் என்றார்.

அதைக் கேட்டதும் சிவசங்கரிக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிஞ்சியது.

“ஏனுங்க சார், மூணு வருசமா நாம தள்ளுனதெல்லாம் வளைஞ்ச பைப்புங்களா, டாலரன்ச தாண்டுன பைப்புங்களா? வளைவே இல்லாத பைப்பு ஒண்ணக்கூட நான் இன்னும் பாக்கலீங்க.” மேசையில் இருந்த படங்களை வரிசையாக நகர்த்தி வைத்தாள். “பதினேழு வயசுல முப்பத்தாறு. இருவதுல முப்பத்தேழு. போன மாசமும் அதே முப்பத்தேழுதானுங்க. நகந்துச்சுன்னா நானே சிவப்புக்கோடு போட்டுக்கறேன்.”

ஒரு டிகிரி என்பது அளப்பதில் வரும் வித்தியாசம்தான் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அளவில் வரும் வித்தியாசத்தைப் பற்றிப் பூபதிராஜாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அங்கே பதில் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கையெழுத்துப் போட்டார். டாக்டர் ‘தகுதி உண்டு’ என்று எழுதி, கீழே இரண்டு வரி சேர்த்தார்: பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார வேண்டும். மூன்று வருடமாக அவளுக்குத் தேவைப்பட்ட ஒரு நாற்காலி, அவள் நிரந்தரமான அன்றைக்குக் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அப்பா சிரித்தார். பஞ்சு விழுந்த கதைக்கும் சிரித்தார். மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

“எந்தத் தோளுன்னு கூடத் தெரியாமத் தெச்சிருக்கறேன் பாரு,” என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். “நீ நடக்கற வரைக்கும் இந்த எடது இடுப்புலயேதான் கண்ணு உன்னைய வெச்சுட்டுத் திரிஞ்சேன். சோத்தாங்கைல வேல இருக்கும். அதுலதான் இப்பிடிக் கோணிப்போச்சு.”

சிவசங்கரிக்கு அப்போதுதான் புரிந்தது. காரணம் தெரியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மா தனக்கென்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு, பதினோரு வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் வெந்திருக்கிறாள்.

“அப்பிடிப் பாத்தா ஊர்ல இருக்கற அத்தன புள்ளைகளும் கோணிட்டுத்தானம்மா திரியோணும்,” என்றாள். “எந்த அம்மா சோத்தாங்கைப் பக்கம் புள்ளய வெச்சுட்டு வேல செஞ்சா?”

மயிலாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை யோசித்துப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

பீரோவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டச் சொன்னாள் சிவசங்கரி. கழற்றியபோது ஒன்றும் கேட்காத அப்பா, இப்போதும் கேட்கவில்லை. பத்து வருடத் தூசியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். அவள் அதன் முன்னால் போய் நின்றாள். வலது தோள் மேலே, இடது தோள் கீழே, நடுவில் நிரந்தர வேலைக்காரி ஒருத்தி. அப்பா பின்னால் நகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆணியைப் பிடுங்கி அடித்துவிடலாம் என்று சுத்தியல் எடுக்கப் போனார்.

சிவசங்கரி தலையைச் சாய்த்து, தொழில்காரியின் கண்ணோடு ஓரத்தை அளந்து பார்த்தாள்.

“விடுங்கப்பா,” என்றாள். “டாலரன்சுக்குள்ளதான் இருக்குது.”