மூன்று எழுத்தில் சிக்கிய மூச்சு

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், நானும் என் கணவரும் ஈப்போவிலிருந்து லூமுட் போய், படகேறி பங்கோர் தீவுக்கு விடுமுறைக்குச் சென்றோம். முதுகில் காற்றுக்கலனைக் கட்டிக்கொண்டு முக்குளிக்க அங்கேதான் பழகினோம். கடைசி நாள், பயிற்றுநர் முன்னே நீந்த, நாங்கள் பின்னால் போனோம்.

பவளப்பாறை அருகே எனக்கு மூச்சு இழுக்கவே கடினமாகிவிட்டது. காற்றின் அளவைக் காட்டும் முள் சிவப்பில் கிடந்தது. பதற்றத்தில் கற்ற சைகையெல்லாம் மறந்துபோனது. இடுப்பில் தொங்கிய எழுதுபலகையில் ஏ, ஐ, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்துகளைக் கிறுக்கிக் கணவரிடம் நீட்டினேன். 'ஏர்', அதாவது காற்று தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான்.

அவரோ நிதானமாகத் தலையாட்டி, மூக்கையும் மூடியிருந்த என் முக்குளிப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதச் சொல்லிக் காட்டினார்! மிச்சமிருந்த மூச்சும் போய்க்கொண்டிருந்தது. எட்டி அவர் வாயிலிருந்த குழாயையே பிடித்து இழுத்தேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒரே குழாயை மாறி மாறிக் கடித்தபடி மேலே வந்து சேர்ந்தோம்.

"நான் சாகக் கெடக்கேன், மூக்க ஊதச் சொல்றீங்களா?" என்று கத்தினேன்.

அவர் என் பலகையைச் சுட்டிக்காட்டினார். "நீ 'ஆயேர்'னுதானே எழுதின? மலாய்ல தண்ணிதானே லா! கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்துடுச்சு, மூக்கால ஊதினா வெளிய போயிடும்னு நெனச்சேன்."

இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றுதான்.

இப்போதும் முக்குளிக்கப் போகிறோம். சைகைகளை ஒருவருக்கொருவர் காட்டிச் சரிபார்க்காமல் தண்ணீரில் இறங்குவதில்லை. பலகையில் எழுதுவதென்றால் தமிழ் மட்டுமே. 'காற்று' என்று முழுதாக எழுத விடுவதில்லை அவர். 'கா' போட்டதுமே குழாயை நீட்டிவிடுகிறார்.