கதவைக் கையால புடிச்சிக்க

"கதவைக் கையால புடிச்சிக்கினு பேசு நைனா, அது தானா சாத்தாது" என்று சொல்லிக்கொண்டே நீலா மீட்டரைத் தட்டுகிறாள். எர்ணாவூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அவளுடைய எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கேபினின் தாழ்ப்பாள் போய் வெகுகாலம் ஆகிறது. மாற்றக்கூடாதா என்று கேட்டால், "மாத்துனா இன்னா, மாத்தாட்டி இன்னா? கப்பல்காரன் போனை வெக்கவா போறான்?" என்பாள்.

எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் மாலுமிகள் வீட்டுக்குப் பேச இங்கேதான் வருவார்கள். ஞாயிறுதோறும் மதுரையிலிருக்கும் தங்கையோடு பேச நானும் வருவேன். உள்ளே ஆள் பேசும்போது நீலா வெளியே கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்பாள். அதை மறைக்கவும் மாட்டாள். வெளியே வருகிறவனிடம் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நல்லா கீறேன்னு இன்னாத்துக்கு அவ்ளோ பொய்யி? பொண்டாட்டி கைல ஜொரம்னு சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்று ஓர் அதட்டல். பெரிய பெரிய மீசைகளெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகும்.

நிலக்கரிக் கப்பல் ஆட்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரிசாவில் கரி ஏற்றி எண்ணூரில் கொட்டும் கப்பல் அது. நம் கரையைவிட்டு விலகாது. "மாசத்துக்கு ரெண்டு தபா வூட்டுச் சோறு துன்றவனுக்கு இன்னாத்துக்குடா போனு?"

அவள் கணவன் தண்டபாணி வெளிநாட்டுக் கப்பலின் இஞ்சின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலர். வருஷத்தில் பாதிக்கு மேல் வெளியே இருப்பதால் சம்பளத்துக்கு வரி கிடையாது. சட்டக் கணக்கில் அவன் இங்கே குடியிருப்பவனே இல்லை. "ஊரே பொறாமப்படுது சார். எம் புருசன் இந்த ஊரு ஆளு இல்லேன்னு கவுருமென்ட்டே எழுதிக் குட்துட்ச்சி!" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஞாயிறு சாயங்காலம் அவன் கூப்பிடுவான். மேசை போனிலேயே, காத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்கப் பேசுவாள். "நல்லா கீறோம். பாப்பா படிக்குது. நீ வேளைக்குத் துன்னு." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். ஊரான் பொய்யையெல்லாம் அதட்டுகிறவள்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

போன வாரம் நிலக்கரிக் கப்பலில் வேலை பார்க்கும் வால்டர் வந்து நின்றான். "அக்கா, எங்க கப்பல்ல ஆயிலர் ஒருத்தரு வேலய வுட்டு எறங்குறாரு. மாமாவ வரச் சொல்லு. சம்பளம் கம்மி, வரியும் புடிப்பான். ஆனா வூடு பக்கம். ஞாயித்துக்கெயமக்குள்ள சொல்லிடணும்."

"அவரு மாடி கட்டணும்னு கீறாரு. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வான்னு கூப்புடுவேன்?"

"அப்ப வேணாமா?"

"வேணாம்னு யார்றா சொன்னது?" கீரைத் தண்டு அவள் விரலில் நார்நாராகிக் கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வால்டரும் வந்துவிட்டான். போன் அடித்தது. எடுத்ததும், "இரு, வெச்சிடாத" என்றாள். லைனை கேபினுக்கு மாற்றினாள். "கடையப் பாத்துக்கோ" என்று வால்டரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ரிசீவரை எடுத்தாள். கதவு வழக்கம்போல மெல்லத் திறந்துகொண்டது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.