உள்ளே என்று காட்டிய பச்சைப் புள்ளி

காலை பத்து ஐம்பதுக்குச் சத்தம் கேட்டது. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில், அடுத்த வருடத் தாளில் அமாவாசையும் கிருத்திகையும் சரியான கட்டத்தில் விழுந்திருக்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. இந்த ஊரில் அப்படி ஒரு சத்தம் வந்தால் யாரும் ‘என்ன’ என்று கேட்பதில்லை. ‘எந்தப் பக்கம்’ என்றுதான் கேட்பார்கள். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். புகை எம். புதுப்பட்டிப் பக்கம் எழும்பியிருந்தது.

என் மகள் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வேதியியல் படித்தவள். ஒரு பெண்ணை அந்த வேலையில் போட்டதே பெரிய பேச்சாக இருந்தது. சின்ன முதலாளிதான் போட்டார். அவருடைய அப்பாவுக்குப் பிறகு ஆலையை எடுத்து நடத்தும் அவர் இருப்பது சென்னையில்.

போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினேன். மிஷின் ஓட்டும் தம்பி என் கையைப் பார்த்தார்.

“அடிக்காதீகக்கா. அவுக போனு கேட்டுப் பெட்டியிலல்ல கெடக்கும்.”

அது எனக்கும் தெரியும். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசலில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டு, சாயங்காலம்தான் எடுப்பார்கள். அதனால் சத்தம் கேட்ட வீடுகளெல்லாம் யாருக்கு அடித்தாலும், அந்தப் பெட்டிக்குள்தான் மணி அடிக்கும்.

இதற்குத்தான் கம்பெனி ஒரு செயலி கொடுத்திருந்தது. வேலை செய்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒருவருக்கும். ஆலையில் எல்லோர் கழுத்திலும் நீல நைலான் கயிற்றில் ஒரு கார்டு தொங்கும். ஒவ்வொரு அறையின் வாசல் நிலையிலும் ஒரு சின்னக் கருவி இருந்தது. பக்கத்தில் வரும் கார்டை அது படித்து, யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று எல்லோருடைய போனுக்கும் சொல்லிவிடும். கார்டு வந்த அன்று என் மகள் வீட்டில் அதை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

“மாட்டுக்குக் காதுல சர்க்காரு நம்பர் போட்ட மஞ்சக் கம்மல். எங்களுக்குக் கழுத்துல நீலக் கயிறு. சர்க்காரும் கம்பெனியும் பேசி வச்சுக்கிட்டாக போல.”

செயலியைத் திறந்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. கீழே, ‘அறை ஒன்பது, உள்ளே’.

பச்சையைப் பார்த்ததும் மிஷின் தம்பி மூச்சு விட்டார். எனக்கு மூச்சு வரவில்லை. பச்சை என்றால் நலமாக இருக்கிறாள் என்று யார் சொன்னது? உள்ளே இருக்கிறாள் என்றுதான் அது சொல்கிறது.

“பின்னால உக்காருங்க. வழியில அதைப் பாக்காதீக,” என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்தார். நான் வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

அந்தச் செயலி வந்ததிலிருந்தே எனக்கு அதன் மேல் நல்ல எண்ணம் இல்லை. சாயங்கால வேன் தாமதமானால் அதைத் திறந்து, ‘வெளியே’ என்று பார்த்த பிறகு நிம்மதியாக உலை வைத்திருக்கிறேன், அது உண்மைதான். ஆனால் அதே செயலியில் போர்மேன்களுக்கு மட்டும் இன்னொரு பக்கம் உண்டு; மகளின் போனில் பார்த்திருக்கிறேன். எந்த அறை எத்தனை பெட்டி முடித்தது என்று மணிக்கு மணி ஏறும். பின்தங்கிய போர்மேனின் பெயர் சிவப்பாகும். அது குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சின்ன முதலாளி ஒரு வார்த்தை திட்ட மாட்டார். ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார். மழை பெய்த மறுநாளெல்லாம், வெடிமருந்து காயும் வரை வேலையை நிறுத்திவைப்பதால், என் மகள் சிவப்பில்தான் இருப்பாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். “அங்கன ஏசியில உக்காந்து கேமராவுல பாத்தா, மருந்து ஈரமா இருக்கா காஞ்சிருக்கான்னு அவருக்குத் தெரியுமா?”

“அவரு ஒண்ணும் கெட்டவரு இல்லம்மா. சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துருது. லீவு கேட்டா உடனே ‘சரி’ன்னு வருது. பழைய முதலாளிகிட்ட லீவு கேக்க முடியுமா?”

“அப்ப கேள்விக்குறி?”

“அது எனக்கு. நீ ஏன் அதைப் பாக்குற? காலண்டர்ல எமகண்டம் பாத்துப் பாத்து உனக்கு எல்லாமே எமகண்டமாத் தெரியுது.”

பைக் ஆலை வாசலில் நின்றபோது அங்கே பெரிய கூட்டம். தீயணைப்பு வண்டி உள்ளே போயிருந்தது. வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன அறைகளில் ஒன்றிலிருந்து வெள்ளைப் புகை கொட்டியது. எது ஒன்பது என்று யாரையும் கேட்கத் தைரியம் இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா, மருமகள் அங்கே வேலை பார்க்கிறவர், யாரும் கேட்காமலே சொன்னார். “ஒம்பதுதான் தாயி. அதுதான் ஒம்பது.”

மானேஜர் கையில் டேப்லெட்டோடு வேப்ப மரத்தடியில் நின்றார். சென்னையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். திரையைப் புகைப் பக்கம் திருப்புவதும் தன் பக்கம் திருப்புவதுமாக இருந்தார். சின்ன முதலாளியின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“உள்ளே எத்தனை பேர்?”

“சிஸ்டத்துல ஒம்பதாம் ரூம் ஆளுக எல்லாரும் உள்ள காட்டுது சார்.”

“எனக்கும் அதான் காட்டுது. நேர்ல என்ன தெரியுது?”

“நேர்ல புகைதான் தெரியுது சார். நீங்க கேமராவுல பாருங்க.”

“கேமரா கட் ஆயிடுச்சு. நீங்கதானே அங்க இருக்கீங்க?”

இப்படியே போனது. இவர் அவரைக் கேட்டார். அவர் இவரைக் கேட்டார். வயதான அம்மா பொறுக்க முடியாமல் கத்தினார். “ஏய்யா, டப்பாவைப் பாத்தது போதும். அங்கன போயி ஆளைப் பாருய்யா.”

தீயணைப்பு அதிகாரி வந்தார். முகமெல்லாம் கரி. “உள்ள ஆள் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

“காட்டுது சார்,” என்றார் மானேஜர்.

அதிகாரி திரும்பிக் கை காட்டினார். இரண்டு பேர் தங்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லிக்கொண்டு ஒன்பதாம் அறைப் பக்கம் நகர்ந்தார்கள். இரண்டு பேரும் சின்ன வயது. போங்கள், போங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர்களுக்கும் வீட்டில் யாரோ இருப்பார்கள் என்று அப்போது நினைக்கவே இல்லை.

அப்போது மேற்கு வேலிப் பக்கம் ஒரு குரல். “உள்ள ஒருத்தரும் இல்ல. போகாதீக. யாரும் உள்ள போகாதீக.”

வேலிக்கருவைக்குள்ளிருந்து என் மகள் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. பருத்திக் கோட்டின் ஒரு கை முள்ளில் கிழிந்து தொங்கியது. நேராக அந்த இரண்டு பேருக்கும் முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். அவர்கள் பின்வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இன்னொரு தடவை வெடித்து, ஒன்பதாம் அறையின் முன்சுவர் அப்படியே வெளியே சரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான். “ஏம்மா, நீ வேலைக்குப் போகலயா?”

நான் அவள் கையைப் பிடித்தேன். விடவில்லை. பிடித்தபடியே அவள் மானேஜருக்குச் சொன்னதைக் கேட்டேன். முந்தின நாள் பெய்த மழையில் கலவை ஈரம் வாங்கியிருக்கிறது. காலையில் அறைக்குள் மூத்திர நெடி மாதிரி ஒரு வாடை. தொட்டிப் பக்கம் கை கொண்டுபோனால் சூடு. அலுமினியப் பொடி ஈரத்தில் வேலை செய்ய ஆரம்பித்தால் அந்த வாடை வரும், அதற்குப் பிறகு நேரம் இருக்காது. எதையும் எடுக்காதீர்கள், எதையும் தொடாதீர்கள் என்று எல்லோரையும் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் அனுப்பியிருக்கிறாள்.

“அங்கன கெணத்து மேட்டுல எல்லாரும் உக்காந்திருக்காக. ஒருத்தரு கொறையல. எண்ணிட்டுத்தான் வந்தேன்.”

வயதான அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப ஏன் எல்லாரும் உள்ளன்னு காட்டுது?” என்றார் மானேஜர்.

மருந்து அறைக்குள் போகும்போது கொண்டை ஊசி, கொலுசு, வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். உரசிப் பொறி கிளப்பக் கூடியது எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நைலான் கயிறும் உரசும் என்பது என் மகளின் கணக்கு. அதனால் ஒன்பதாம் அறையில் எல்லோரும் கார்டுகளையும் கழற்றி, வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். எதையும் எடுக்காமல் ஓடச் சொன்னாள். எடுக்காமல் ஓடினார்கள். பெண்கள் காட்டில் இருந்தார்கள், கார்டுகள் வாசலில் இருந்தன.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்லம்மா,” என்றார் மானேஜர்.

“எதுல சொல்ல? போனு உங்க பெட்டியில. வாசலுக்கு வந்து சொல்லலாம்னா தீ நடுவுல. சுத்தி வர இவ்வளவு நேரம் ஆயிருச்சு.”

அன்று மதியம் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். என் மகள் போலீசுக்குப் பதில் சொல்ல அங்கேயே இருந்தாள், நானும் இருந்தேன். போனை அவ்வப்போது திறந்தேன். கயிறும் கார்டும் அவற்றைப் படிக்கும் கருவியும் உருகிப்போன பிறகும், கடைசியாகப் படித்த பச்சைப் புள்ளி மாறவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். போனில் ஒன்பதாம் அறைக்குள் இருந்தாள். எதை நம்புவது என்று ஒரு கணம் எனக்கே தடுமாறியது. அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்போதும் அவள் வேலைக்குப் போன பிறகு சும்மா கதவு அடித்தால்கூட எழுந்துவிடுகிறேன்.

வெயில் சாயும் நேரத்தில் சின்ன முதலாளி வந்து சேர்ந்தார். மதுரை வரை விமானம், அங்கிருந்து கார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவர். கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறார். என் மகளுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். “நீங்க இல்லைன்னா இன்னைக்கு நான் எத்தனை வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன்,” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் இறங்கியது. நல்ல பிள்ளைதான் என்று நினைத்தேன். பிறகு அவர் மானேஜரிடமிருந்து டேப்லெட்டை வாங்கி, அந்தப் பச்சைப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து என் மகளிடம் சொன்னார்.

“கார்டைக் கழற்றி வெச்சதாலதான் இவ்வளவு குழப்பம். ஆலை திறந்ததும் எல்லாருக்கும் கையில பூட்டுற பட்டையாக் குடுத்திடறேன். அதை யாராலயும் கழற்ற முடியாது.”