அங்கியின் கீழே ஒரு கை

ஒஸ்லோவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் நான் வேலை செய்கிறேன். ஒரு சனிக்கிழமை முன்னாள் அமைச்சர் ஒருவர் மனைவியோடு வந்தார். கையில் ஒரு கேலிச்சித்திர அச்சு. அதில் கேலிக்கு ஆளாகியிருந்தவர் அவரேதான்.

கதை ஊருக்கே தெரியும். அரச விருந்தினனாக வந்த வெளிநாட்டு இளவரசன் ஒருவன் ஹோட்டல் பணிப்பெண்ணை அறையில் பூட்டிவைத்தான். விஷயத்தை அமுக்கியவர் இவர்தான் என்று பேச்சு. சித்திரத்தில் இவர் முழங்காலிட்டு இளவரசனின் நீண்ட அங்கியை இழுத்துச் சரிசெய்கிறார். அங்கியின் ஓரத்துக்குக் கீழிருந்து ஒரு பெண்ணின் கை வெளியே நீண்டிருக்கிறது.

அவருக்கு வெட்கமே இல்லை. "என் மூக்கை அப்படியே வரைந்திருக்கிறான், இல்லையா?" என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி நோர்வேஜிய மொழியில் கேட்டார். நான் இந்த நகரத்திலேயே பள்ளிக்கூடம் போனவள். அதை இந்த ஆளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தக் கையைச் சுட்டிக் காட்டினார். "படத்தைச் சுற்றிவரும் அட்டையை அகலமாக வெட்டி இதை மறைத்துவிடலாமா? வரவேற்பறையில் மாட்ட இது நன்றாக இல்லை."

அட்டைத் துண்டொன்றை வைத்துக் காட்டினேன். கை மறைந்தது. பக்கத்திலிருந்த ஓவியரின் கையொப்பமும் சேர்ந்து மறைந்தது. அமைச்சரின் முகம் சுருங்கியது.

"கையொப்பம் இல்லாவிட்டால் யார் வரைந்தது என்று வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்படியென்றால் அவளுடைய கையும் தெரியுமே" என்றார் மனைவி. வந்ததிலிருந்து அவர் பேசியது அது ஒன்றுதான்.

"தெரியட்டும். பெரிய ஓவியன்."

மாலையில் மோர்டென்ஸ்ருட் புறநகரில், வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"அந்த ஹோட்டல் பிள்ளைக்கு என்ன நடந்ததாம்?" என்று கேட்டார்.

"வேலையை விட்டிட்டுப் போட்டாளாம். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை."

"அந்தாள் படத்தைக் கொண்டுபோட்டாரோ?"

"ஓம். சட்டம் போட்டுக் குடுத்த உடனை பரிசு வாங்கின பிள்ளை மாதிரிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு போனவர்."

அடுத்த வாரம் அந்த ஓவியரே வேறு அச்சுகளோடு கடைக்கு வந்தார். அமைச்சர் வந்துபோனதைச் சொன்னேன். கையை மறைக்கக் கேட்டதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆனால் மறைக்கவில்லையே. தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்த மனிதர்" என்று பூரித்துப்போனார். அமைச்சர் வீட்டு விருந்துக்கு அவருக்கு அழைப்பும் வந்திருந்ததாம். என்ன உடுத்துவதென்று என்னிடமே கேட்டார்.

"கறை தெரியாத நிறமாகப் பார்த்துப் போடுங்கள்" என்றேன்.

நல்ல யோசனை என்று தலையாட்டிவிட்டு, சட்டங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்.