ஆளில்லாத வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் படித்த கட்டடக்கலைப் பள்ளியில், கடைசி வருஷ மாணவர்கள் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவேண்டும் என்று விதி வைத்தவர் எங்கள் பேராசிரியர். மெலிந்த உடம்பு, வெள்ளைக் கதர். எதைத் தொட்டாலும் உடனே கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டத்துக் கூலியாட்களுக்கு நாங்கள் கட்டிய வீடுகளைக் கண்காட்சிக்காகப் படமெடுக்க, ஒரு சித்திரை வெயிலில் அவருடன் போனோம். முதல் வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருந்தாள். பாயையும் அடுப்பையும் சட்டிகளையும் வெளியே எடுக்கச் சொன்னார். அவளையும்தான்.

"பச்சை உடம்புங்க சாமி, வெயிலு ஆகாதுங்க" என்றாள் அவளுடைய தாய்.

"ஆள் இருந்தால் வீட்டின் அழகு தெரியாதம்மா."

"ஏனுங்க, இது எங்க ஊடுங்களா, உங்க ஊடுங்களா?"

அவர் கேமராவுக்குப் பின்னால் போனார். மகள் குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு வாசலோரம் வெயிலில் குந்தினாள். நான் ஓடிப்போய் அவளுக்குக் குடை பிடித்தேன்.

"சுவரில் நிழல் விழுகிறது, குடையை மடக்கு!" என்று அதட்டினார். நான் மடக்கவில்லை. அவர் வேறு வீட்டைப் படமெடுத்தார்.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் அந்தத் தெரு ஜனங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது, கண்ணீர் வழிந்தது. நடிப்பாக இருந்திருந்தால் அவரை வெறுத்து மறந்திருப்பேன். அது நிஜமான கண்ணீர்.